மூன்று ‘0-0’ ஆட்டங்கள், மூன்று தீர்ப்புகள்: ரசிகர்களுக்கு வேண்டியது அழகான ஆட்டமா, வெற்றியா?

சிங்கப்பூர்த் தேசியக் காற்பந்துக் குழு ஆடிய மூன்று ஆட்டங்களை நினைவுகூர்வோம். மூன்றும் கோல் ஏதுமின்றி 0-0 எனச் சமநிலையில் முடிந்தவை. மூன்றிலும் சிங்கப்பூர் வெளிநாட்டுத் திடலில் ஆடியது.

முதலாவது, 2012 டிசம்பரில் பிலிப்பீன்ஸ் தலைநகர் மணிலாவில் நடந்தது. அப்போது சுசூகி கிண்ணம் என்று அழைக்கப்பட்ட தென்கிழக்காசியக் காற்பந்துப் போட்டியின் அரையிறுதி அது. இரண்டாவது, 2015 ஜூன் 16ஆம் தேதி ஜப்பானின் சைத்தாமா நகரில் நடந்த உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று ஆட்டம். மூன்றாவது, 2016 நவம்பரில் மீண்டும் பிலிப்பீன்சில், அதே பிலிப்பீன்ஸ் குழுவை எதிர்த்து ஆடிய சுசூகி கிண்ணப் பிரிவு ஆட்டம்.

முதல் ஆட்டத்தை ‘அனுபவசாலிகளின் ஆட்டம்’ என்றார்கள். இரண்டாவது, வீரக்கதை ஆனது. மூன்றாவது ஆட்டத்துக்குக் கிடைத்ததோ சலிப்பும் ஏமாற்றமும்தான்.

கோல் கணக்கு ஒன்றுதான். தீர்ப்பு மட்டும் ஏன் மாறியது? புதிய பயிற்றுவிப்பாளர் ஒருவர் பொறுப்பேற்கும் ஒவ்வொரு முறையும் காப்பிக்கடை மேசைகளில் எழும் வாதத்துக்கான விடை இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. “எப்படி ஆடினால் என்ன, வென்றால் போதும்” என்பது ஒரு தரப்பு. “தோற்றாலும் பரவாயில்லை, பார்க்கும்படி ஆடட்டும்” என்பது மறுதரப்பு.

திடலில் மின்னியவர், பயிற்றுவிப்பாளர் ஆனபோது

இந்த வாதத்தின் சூட்டை அதிகம் தாங்கியவர்களில் ஒருவர் நம் சமூகத்தைச் சேர்ந்தவர். வி. சுந்தரமூர்த்தியை எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பார்த்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. ‘டேஸ்லர்’ என்பது ரசிகர்கள் அவருக்குச் சூட்டிய பட்டப்பெயர். கண்ணைப் பறிப்பவர் என்று பொருள். 1993ல் புருணைக் குழுவுக்கு எதிராக, உடலை அந்தரத்தில் சாய்த்துத் தலைக்கு மேலாகப் பந்தை உதைத்து அவர் போட்ட கோலை, காலாங் பழைய தேசிய விளையாட்டரங்கத்தில் இருந்தவர்கள் இன்றும் கைகளை வீசிக் காட்டித்தான் விவரிப்பார்கள்.

அப்படிப்பட்டவர் 2016 மே மாதம் தேசியக் குழுவின் பயிற்றுவிப்பாளராகப் பொறுப்பேற்றபோது, அவரது குழுவும் அவரைப் போலவே ஆடும் என்று பலர் எதிர்பார்த்திருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் சுந்தரமூர்த்தி வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். தற்காப்புக்கு முதலிடம் கொடுத்தார். தன் பாதித் திடலில் நெருக்கமாக நின்று எதிரணிக்கு இடம் கொடுக்காமல் இருப்பது, பந்து கிடைத்ததும் வேகமாக முன்னேறுவது என்பதே அவரது திட்டமாக இருந்தது.

அந்த ஆண்டின் சுசூகி கிண்ணத்தில் சிங்கப்பூர் மூன்று ஆட்டங்களில் ஒரே ஒரு கோல் போட்டது. பிலிப்பீன்சுடன் 0-0, தாய்லாந்திடம் 0-1, இந்தோனீசியாவிடம் 1-2. பிரிவுச் சுற்றோடு வெளியேறியது. “சுந்தரமா இப்படி ஆட வைக்கிறார்?” என்ற கேள்வியில் கோபத்தைவிட வருத்தமே அதிகம் இருந்தது.

ஆனால் அந்த மூன்று ஆட்டங்களையும் சற்று நெருங்கிப் பார்த்தால் படம் மாறுகிறது. பிலிப்பீன்சுக்கு எதிரான ஆட்டத்தின் முற்பாதியிலேயே சிங்கப்பூர் ஆட்டக்காரர் ஒருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். எஞ்சிய நேரம் முழுவதும் பத்துப் பேர்தான் ஆடினார்கள். நடப்பு வெற்றியாளரான தாய்லாந்தை 89வது நிமிடம் வரை கோல் போடவிடாமல் தடுத்தார்கள். இந்தோனீசியாவுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் கைருல் அம்ரியின் கோலால் முன்னிலை வகித்தார்கள். அதை அப்படியே காத்திருந்தால் அரையிறுதிக்குப் போயிருப்பார்கள். 85வது நிமிடத்தில் விழுந்த கோல்தான் கதையை முடித்தது.

சில நிமிடங்கள் வேறு மாதிரி போயிருந்தால், அதே திட்டத்தை ‘விவேகமான ஆட்டம்’ என்று நாமே பாராட்டியிருப்போம். தற்காப்பு ஆட்டத்தின் இயல்பே அதுதான். அதன் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே இருக்கும் தூரம் மிகக் குறைவு.

பயிற்றுவிப்பாளர்கள் ஏன் தற்காப்பை நாடுகிறார்கள்?

பூப்பந்தில் ஒரு செட்டை வெல்ல 21 புள்ளிகள் எடுக்க வேண்டும். அத்தனை புள்ளிகளில் வலுவானவர் யார் என்பது பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். காற்பந்து அப்படியில்லை. தொண்ணூறு நிமிடங்களில் ஒரே ஒரு கோல் விழலாம், ஒன்றுமே விழாமலும் போகலாம். பத்து வாய்ப்புகளை உருவாக்கிய குழு அத்தனையையும் வீணடிப்பதும், ஒரே வாய்ப்பு கிடைத்த குழு அதைக் கோலாக்குவதும் வாரந்தோறும் எங்கோ நடக்கிறது.

ஆகவே, வலுக் குறைந்த குழுவுக்கு ஆட்டத்தில் நிகழ்வுகள் குறைவாக இருப்பதே நல்லது. பந்து இரு பக்கமும் மாறி மாறிப் பாய்ந்தால், திறமை கூடுதலாக உள்ள குழுவே நாளடைவில் லாபம் பார்க்கும். ஆட்டத்தை இறுக்கிப் பிடித்தால், ஒரு கார்னர், ஒரு ஃபிரீகிக், எதிரணியின் ஒரு தவறு போதும்.

சிங்கப்பூரின் நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேசியக் குழுவுக்கு ஆடக்கூடிய குடிமக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 3.6 மில்லியன்தான். தாய்லாந்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 70 மில்லியன், இந்தோனீசியாவினுடையது 270 மில்லியனுக்கும் மேல். இங்கு ஒரு காற்பந்தாட்டக்காரர் வேகமாக வளர வேண்டிய 18, 19 வயதில் தேசிய சேவைக்குச் செல்கிறார். வேலைக்கும் படிப்புக்கும் இருக்கும் மதிப்பு காற்பந்துத் தொழிலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. கையில் இருக்கும் ஆட்டக்காரர்களைக் கொண்டு அடுத்த ஆட்டத்தில் புள்ளி எடுக்க வேண்டிய பயிற்றுவிப்பாளர், முதலில் கதவைத் தாழிடத்தான் பார்ப்பார்.

சுந்தரமூர்த்திக்கு அந்த அனுபவம் இருந்தது. லயன்ஸ் 12 குழுவுக்குப் பயிற்சியளித்து, 2013ல் மலேசிய சூப்பர் லீக் பட்டத்தை வென்று தந்தவர் அவர். வெற்றி எப்படி வரும் என்று தெரியாதவர் அல்லர்.

அழகைக் கடனாக வாங்கியவர்

அப்படியானால் ரசிகர்கள் விவரம் தெரியாமல் குறை சொல்கிறார்களா? அதுவும் இல்லை.

தற்காப்பைத் தேர்ந்தெடுக்கும் பயிற்றுவிப்பாளர் ரசிகர்களிடம் ஒரு கடன் வாங்குகிறார். “நீங்கள் ரசிப்பதற்கு இன்று ஒன்றும் தரமாட்டேன், பதிலுக்கு வெற்றியைத் தருகிறேன்” என்பதே அந்தக் கடனின் நிபந்தனை. அந்தக் கடனை வெற்றியால் மட்டுமே அடைக்க முடியும். நல்ல முயற்சி, நூலிழைத் தோல்வி போன்றவை அங்கே செல்லாக்காசு.

கடனை முழுமையாக அடைத்தவர் ராடி அவ்ராமோவிச். முன்னாள் கோல்காப்பாளரான அவர் 2003 முதல் 2012 வரை சிங்கப்பூரை வழிநடத்தினார். உடல்வலுவும் ஒழுங்கும் கட்டுக்கோப்பான தற்காப்பும் அவரது குழுவின் அடையாளங்கள். எல்லா ஆட்டங்களும் கண்ணுக்கு விருந்தாக இருந்தன என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் 2004, 2007, 2012 என மூன்று முறை தென்கிழக்காசியக் கிண்ணத்தை அவர் கொண்டுவந்தார்.

மணிலாவில் நடந்த முதல் ‘0-0’ அவருடையதுதான். அடுத்த ஆட்டத்தில் ஜாலான் புசார் விளையாட்டரங்கத்தில் 1-0 என வென்ற சிங்கப்பூர், இறுதிச் சுற்றில் தாய்லாந்தை மொத்தம் 3-2 எனும் கோல் கணக்கில் வீழ்த்தியது. கிண்ணம் கைக்கு வந்தபின் மணிலாவின் சலிப்பான தொண்ணூறு நிமிடங்கள் ‘அனுபவசாலிகளின் ஆட்டம்’ ஆகிவிட்டன. பின்னால் வந்த வெற்றி, முன்னால் நடந்த ஆட்டத்துக்கும் சேர்த்து வண்ணம் பூசிவிட்டது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே நாட்டில், அதே எதிரணிக்கு எதிராக, ஒருவர் குறைவாக ஆடி எடுத்த ‘0-0’க்கு அந்த வண்ணம் கிடைக்கவில்லை. பின்னால் வெற்றி வரவில்லை என்பதே காரணம்.

சுந்தரமூர்த்தியின் கடன் அதோடு நிற்கவில்லை. 2019 ஆசியக் கிண்ணத்துக்கான தகுதிச் சுற்றில் பஹ்ரேன், துர்க்மெனிஸ்தான், சீன தைப்பே ஆகியவற்றுடன் ஆடிய ஆறு ஆட்டங்களில் சிங்கப்பூர் ஒன்றிலும் வெல்லவில்லை. இரண்டே புள்ளிகளுடன் பிரிவில் கடைசி இடம். 2018 ஏப்ரலில் அவர் பொறுப்பிலிருந்து விலகினார்.

சைத்தாமா சொல்லும் பாடம்

இரண்டாவது ‘0-0’ சற்று வேறுபட்டது. அப்போது பயிற்றுவிப்பாளராக இருந்தவர் ஜெர்மனியின் பெர்ன்ட் ஸ்டாங்க. அவ்ராமோவிச்சுக்குப் பின் 2013ல் வந்த அவர், பந்தைத் தரையோடு கடத்தித் தாக்கி ஆடும் பாணியைக் கொண்டுவர விரும்பியவர். 2014 சுசூகி கிண்ணத்தில் புதிய தேசிய விளையாட்டரங்கத்தில், சொந்த ரசிகர்கள் முன்னிலையில், அவரது குழு தாய்லாந்திடமும் மலேசியாவிடமும் தோற்றுப் பிரிவுச் சுற்றோடு வெளியேறியது.

ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவுக்கு வருவது தாக்குதல் ஆட்டமன்று. சைத்தாமாவில் கோல்காப்பாளர் இஸ்வான் மஹ்பூத் 18 கோல் முயற்சிகளைத் தடுத்த இரவுதான். தாக்கி ஆட வேண்டும் என்றவரின் மிகப் பெரிய பெருமை, தொண்ணூறு நிமிடத் தற்காப்பு.

அந்தத் தற்காப்பை யாரும் சலிப்பு என்று சொல்லவில்லை. ஏன்? எதிரே நின்றது ஆசியாவின் மிக வலுவான குழுக்களில் ஒன்று. அதன் சொந்தத் திடலில் சிங்கப்பூர் புள்ளி எடுக்கும் என்று அநேகமாக எவருமே எதிர்பார்க்கவில்லை. வலிமையானவர் முன் தற்காத்து நிற்பது துணிச்சலாகத் தெரிகிறது. சமமானவர் என்று நாம் நினைப்பவர் முன் அதையே செய்தால் அச்சமாகத் தெரிகிறது.

ரசிகர்களின் அளவுகோல் இங்கேதான் வெளிப்படுகிறது. அவர்கள் உண்மையில் எடைபோடுவது அழகையும் வெற்றியையும் அல்ல, நம் குழு அஞ்சி ஆடியதா, அஞ்சாமல் ஆடியதா என்பதைத்தான். தற்காப்பிலும் அஞ்சாமை உண்டு. பந்தைப் பத்து முறை அழகாகக் கடத்திவிட்டு, கோல் நோக்கி உதைக்கத் தயங்குவதில் அச்சமும் உண்டு.

தோற்றும் கைதட்டல் பெற்றவர்கள்

சுந்தரமூர்த்திக்குப் பின் 2018ல் தற்காலிகமாகப் பொறுப்பேற்ற ஃபாண்டி அகமது, இளையர்களை நம்பி முன்னேறி ஆட வைத்தார். அந்த ஆண்டின் சுசூகி கிண்ணத்தில் இந்தோனீசியாவை 1-0 எனவும் திமோர் லெஸ்டேயை 6-1 எனவும் சிங்கப்பூர் வென்றது. பிலிப்பீன்சிடமும் தாய்லாந்திடமும் தோற்றது. முடிவு என்னவோ 2016ஐப் போலவே பிரிவுச் சுற்றோடு வெளியேற்றம்தான். ஆனால் விமர்சனத்தில் அந்தக் கடுமை இல்லை. அடுத்து என்ன வரும் என்ற ஆவல் இருந்தது.

அடுத்து வந்தவர் ஜப்பானின் தட்சுமா யோஷிடா. பின்வரிசையிலிருந்தே பந்தைக் கடத்தி முன்னேறும் பாணி அவருடையது. 2021 டிசம்பர் 25ஆம் தேதி, கிறிஸ்துமஸ் இரவு. தேசிய விளையாட்டரங்கத்தில் இந்தோனீசியாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். இருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, ஒன்பது பேருடன் ஆடிய சிங்கப்பூர் 2-1 என முன்னிலை பெற்றது. 87வது நிமிடத்தில் இந்தோனீசியா சமன் செய்தது. அதன்பின் கிடைத்த பெனால்டியைச் சிங்கப்பூரால் கோலாக்க முடியவில்லை. கூடுதல் நேரத்தில் மேலும் ஒருவர் வெளியேற, எட்டுப் பேருடன் முடித்து 2-4 எனத் தோற்றது.

அரங்கத்திலிருந்த ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கிண்ணம் இல்லை, இறுதிச் சுற்று இல்லை. இருந்தும் அண்மைக் காலத்தில் சிங்கப்பூர்க் குழு மீது மக்களுக்கு அவ்வளவு நெருக்கம் ஏற்பட்ட இரவு வேறில்லை எனலாம். பழந்தமிழர் முதுகில் பட்ட காயத்தைப் புறப்புண் என்று இகழ்ந்தார்கள், மார்பில் பட்டதை விழுப்புண் என்று போற்றினார்கள். அந்த மனம் இன்னும் நம்மிடம் இருக்கிறது.

ஆனால் விழுப்புண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குழு நெடுநாள் வாழ முடியாது. அதே யோஷிடாவின் குழு, அதே ஆண்டு ஜூன் மாதம் பாலஸ்தீனத்திடம் 0-4, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, சவூதி அரேபியாவிடம் 0-3 எனத் தோற்றிருந்தது. மூன்று ஆட்டங்களில் 12 கோல்கள் விட்டுக்கொடுத்து, ஒன்றுகூடப் போடவில்லை. பின்வரிசையிலிருந்து பந்தைக் கடத்தும்போது ஒரு தவறு நேர்ந்தால், எதிரணிக்கும் கோல் வலைக்கும் இடையே ஆள் இருக்கமாட்டார். தாக்கி ஆடுவதற்கான விலை அது. கிறிஸ்துமஸ் இரவை நினைவில் வைத்திருக்கும் நாம் அந்த ஜூன் மாதத்தை எளிதாக மறந்துவிடுகிறோம்.

மறதி எல்லாருக்கும் சமமாக வாய்ப்பதில்லை. தாக்கி ஆடித் தோற்ற பயிற்றுவிப்பாளரின் நல்ல இரவுகள் நினைவில் நிற்கின்றன. தற்காத்து ஆடித் தோற்றவரிடம் நினைவில் வைக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. பத்துப் பேருடன் தாக்குப்பிடித்த 2016ன் குழுவும் மார்பில்தான் காயம் பட்டது. அதை நாம் பார்க்கத் தவறிவிட்டோம்.

இனி எப்படி எடைபோடுவது?

2025 ஜூன் மாதம் ஜப்பானியப் பயிற்றுவிப்பாளர் சுடோமு ஒகுரா விலகியதும், அவருக்குத் துணையாக இருந்த கேவின் லீ இடைக்காலப் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்க்காரர், இளையவர். அக்டோபரில் கோவாவில் இந்தியாவிடம் பின்தங்கியிருந்த சிங்கப்பூர், சோங் உய்யோங்கின் இரு கோல்களால் 2-1 என வென்றது. நவம்பர் 18ஆம் தேதி ஹாங்காங்கின் கை டாக் அரங்கத்தில் முற்பாதியில் 0-1 எனப் பின்தங்கி, பிற்பாதியில் ஷாவால் அனுவாரும் இல்ஹான் ஃபாண்டியும் போட்ட கோல்களால் மீண்டும் 2-1. 1984ல் ஏற்று நடத்தும் நாடு என்ற முறையில் ஆசியக் கிண்ணத்தில் ஆடிய சிங்கப்பூர், ஆடித் தகுதிபெற்றது இதுவே முதல் முறை.

அந்த இரவில் அழகா வெற்றியா என்ற வாதமே எழவில்லை. வெளியூரில் பின்தங்கிய பிறகு முன்னேறி வந்து வென்றால், இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும்.

ஆனால் 2027 ஆசியக் கிண்ணப் போட்டி சவூதி அரேபியாவில் நடைபெறுகிறது. அங்கு ஆடவிருப்பவை கண்டத்தின் சிறந்த குழுக்கள். சிங்கப்பூர் தன் பாதித் திடலில் பல நிமிடங்கள் அடைபட்டுக் கிடக்கும் ஆட்டங்கள் நிச்சயம் வரும். காப்பிக்கடை வாதமும் திரும்பி வரும்.

அப்போது கோல் கணக்கைப் பார்த்துத் தீர்ப்பு எழுதும்முன் சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். எதிரே நின்றவர் யார்? நம் குழு எத்தனை பேருடன் ஆடியது? பந்து கிடைத்தபோது முன்னால் ஓட ஆள் இருந்தாரா, அல்லது வெறுமனே தூரத்துக்கு உதைத்துத் தள்ளினார்களா? ஒரு கோல் விட்டுக்கொடுத்த பிறகு திட்டம் மாறியதா? சென்ற ஆட்டத்தைவிட இந்த ஆட்டத்தில் ஏதாவது ஒன்று மேம்பட்டதா? இவற்றுக்குக் கிடைக்கும் விடைகள், ‘போர்’ என்ற ஒற்றைச் சொல்லைவிடப் பயிற்றுவிப்பாளரைப் பற்றி அதிகம் சொல்லும்.

பயிற்றுவிப்பாளர்களுக்கும் ரசிகர்களிடம் ஒரு கடமை உண்டு. தற்காத்து ஆடப் போவதாக இருந்தால், ஏன் என்பதையும் எதுவரை என்பதையும் மக்களிடம் சொல்ல வேண்டும். வேலை முடிந்து, எம்ஆர்டி பிடித்து, பிள்ளையையும் அழைத்துக்கொண்டு காலாங்குக்கு வருபவர் கிண்ணத்தை மட்டும் எதிர்பார்த்து வருவதில்லை. கிண்ணம் இரண்டாண்டுக்கு ஒரு முறை வரும் போட்டி, அதுவும் ஒரே ஒரு குழுவுக்குத்தான். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பிள்ளை கையை வீசிக் காட்டி விவரிக்க ஒரே ஒரு காட்சி கிடைத்தால்கூட, அந்தக் குடும்பம் அடுத்த ஆட்டத்துக்கும் வரும்.

1993ல் சுந்தரமூர்த்தி காலாங்கில் தந்தது அப்படியொரு காட்சி. 2016ல் அவருடைய குழு தர முயன்றது வேறொன்று. இரண்டிலும் அவர் சிங்கப்பூருக்காகத்தான் திடலுக்கு வந்தார். முதலாவதற்குக் கைதட்டிய நாம், இரண்டாவதற்கும் சற்று நியாயமாக இருந்திருக்கலாம்.